பாயில் ஒட்டினது யார், யாரோட?

மட்டக்களப்புக்குப் போனால் பாயோட ஒட்டவெச்சிருவாங்க என்ற கதையைக் கேட்காமல் இந்தத் தீவில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் குறைவு. உத்தியோகத்துக்கென்று வடக்கிலிருந்து வந்த ஆள் இங்குள்ள மந்திரத்துக்கு மயங்கி, விரித்த பாயை விட்டு எழும்ப ஏலாமல் ஊரையே மறந்துபோவாராம். நம்மட ஆட்கள் சிலருக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். சிலருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. வீடும் வளவும் மகள்மாருக்கே போகும் ஊரில், கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டோடு தங்கிவிடுவதைத்தான் வெளியூரார் மந்திரம் என்று திரித்தார்கள் என ஒரு விளக்கமும் உண்டு.

அந்த வாக்கியத்தை இன்னொருக்கா சொல்லிப் பாருங்க. பாயோட ஒட்டவெச்சிருவாங்க. ஒட்டவைக்கிறது ஆணா பெண்ணா என்று அதில் இல்லை. ஒட்டுப்பட்டது ஆணா பெண்ணா என்றும் இல்லை. இரண்டு இடத்தையும் கேட்கிற நாங்கள்தான் நிரப்புகிறோம். அநேகமாகச் சரியாகத்தான் நிரப்புகிறோம் என்றே வைத்துக்கொள்வம். ஆனால் இதே நிரப்பலை நம்மட வரலாற்றை எழுதியவர்களும் செய்திருக்கிறார்கள், நிரப்புகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நேசித்து வாழ்ந்தார்கள் என்று யாராவது வாய் திறந்தால் உடனே ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்கிறோம். ஆணும் பெண்ணும் என்றால் அந்தக் கேள்வி எழும்புவதே இல்லை.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பம். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இருக்கிறது. 1964இல் வந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இருக்கிறது. அவற்றுக்கு முன்னால் 1876இல் பிரிட்டோ முக்குவர் சட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல். பிறகு, அக்கரைப்பற்றில் தங்கிக் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெரிய புத்தகம். இவை இல்லாமல் இந்த வாவிக்கரையின் வரலாற்றை யாரும் எழுத ஏலாது. அந்த உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை.

இவர்கள் எல்லாரும் போய் நின்ற இடம் ஒன்று இருக்கிறது. எந்தக் குடி எந்தக் குடியோடு சம்பந்தம் செய்யும், கோயிலில் யாருக்கு முன்னீடு, தாய் செத்தால் காணி யாருக்கு, மருமகனுக்கு என்ன உரிமை. ஏட்டில் ஏறியது அதுதான், ஏனென்றால் சண்டை வந்தது அதில்தான். கலியாணமும் சொத்தும் சந்திக்கிற இடத்தில்தான் ஓலையும் உறுதியும் உண்டாகின்றன. சீதன உறுதி, பங்கு வழக்கு, கோயில் வழக்கு. இருபது வருசம் ஒரே வாடியில் சேர்ந்து உழைத்து, ஒரே சட்டியில் சோறு திண்ட இரண்டு ஆண்களுக்கு எந்தக் கச்சேரியிலும் ஒரு துண்டுக் கடதாசி உண்டாகாது. அவர்களுக்குள் என்ன இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

வாடி என்றதும் முல்லைக்காரர் ஞாபகம் வருகிறது. போடியாரின் வயலில் விதைப்பிலிருந்து சூடு மிதிப்பு வரைக்கும் கிடந்து வேலை செய்தவர்கள். படுவான்கரை வயல்களில் மாதக்கணக்காக ஆண்கள் மட்டும் சேர்ந்து வாழ்ந்த ஒரு உலகம் அது. இரவில் பரணில் காவல், பன்றிக்கும் யானைக்கும் சத்தம் போடுகிறது, விடிய வாடிக்குத் திரும்புகிறது. இந்த உலகத்தைப் பற்றி வரலாறு கேட்ட கேள்வி, எத்தனை அவணம் விதைத்தார்கள், போடியாருக்கு எவ்வளவு, முல்லைக்காரனுக்கு எவ்வளவு என்பது. நல்ல கேள்விதான். வேறு கேள்வி கேட்கவில்லை என்பதால் வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது.

பெண்கள் பக்கம் இன்னும் சிக்கல். தாய் வீடு, மூத்தவள் வீடு, இளையவள் வீடு என்று ஒரே வளவுக்குள் பெண்கள் கூடி வாழ்கிற ஊர் இது. ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பெண்கள் இருந்து பன்பாய் இழைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒருத்தி மற்றவளின் வீட்டிலேயே படுத்து எழும்பினாலும் ‘மச்சாள்காரி’ என்று கதை முடிந்துவிடும். மாமன் மகளும் மச்சாள், கூடப் படித்தவளும் மச்சாள். ஆண்களுக்குள் மச்சானும் அப்படித்தான். முறைப்படி கலியாணம் முடிக்கக்கூடிய உறவின் பெயரையே நாங்கள் உயிர்த் தோழனுக்கும் தோழிக்கும் வைத்திருக்கிறோம். இதை வைத்து எதையும் நிரூபிக்க ஏலாது. ஆனால் நெருக்கத்தை ஊரின் கண்ணுக்கு உறுத்தாமல் வைத்திருக்க இதைவிட நல்ல மறைப்பு வேறு எந்த மொழியிலாவது இருக்கா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி அந்த ஆதாரக் கேள்விக்கு வருவம். ஆதாரம் இருந்தபோது அதற்கு என்ன நடந்தது என்று பார்க்க ஒரு வெளியூர்க் கதை உதவும். இங்கிலாந்தில் ஹலிஃபக்ஸ் என்ற ஊரில் ஆன் லிஸ்டர் என்று ஒரு நிலக்கிழார்ப் பெண் இருந்தார், 1791 முதல் 1840 வரை. கிட்டத்தட்ட 50 இலட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதில் ஆறில் ஒரு பங்கு அவரே உண்டாக்கிய இரகசிய எழுத்தில். 1890களில் அந்த வீட்டின் கடைசி வாரிசு ஜோன் லிஸ்டரும் அவருடைய நண்பர் ஆதர் பரலும் அந்த எழுத்தை உடைத்து வாசித்தார்கள். பெண்களோடு ஆன் கொண்டிருந்த காதலும் உடலுறவும் அதில் பச்சையாக இருந்தன. எரித்துவிடச் சொன்னார் பரல். ஜோனுக்கு எரிக்க மனம் வரவில்லை, சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அவர் செத்த பிறகு அந்த ஏடுகள் வெளியே வந்தன. வந்த பிறகும் வாசித்தவர்கள் அவற்றிலிருந்து உள்ளூர் அரசியலை எடுத்தார்கள், காணி விவகாரத்தை எடுத்தார்கள், நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்தார்கள். அந்த ஆறில் ஒரு பங்கை ஹெலீனா விட்பிரெட் என்ற பெண் உட்கார்ந்து வாசித்து 1988இல் அச்சில் கொண்டுவரும் வரைக்கும் பொதுமக்களுக்கு அது தெரியாது. கையெழுத்திலேயே ஆதாரம் இருந்த ஒருவருக்கு இதுதான் கதி. எழுதப் படிக்கத் தெரியாத முல்லைக்காரனிடம் நாங்கள் ஆதாரம் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும். தன்பாலீர்ப்பு என்பது இந்தக் காலத்துச் சொல், அதைப் பழைய ஆட்கள் மேல் ஒட்டக்கூடாது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஐரோப்பாவில் மூலமான சொல்லை 1860களின் கடைசியில் உருவாக்கிய கார்ல் மரியா கெர்ட்பெனி, எதிர்ப்பாலீர்ப்பு என்பதற்கான சொல்லையும் அதே கையோடுதான் உருவாக்கினார். இரண்டும் ஒரே வயது. ஒன்றைப் பழைய காலத்தில் தேடுவது காலப்பிழை என்றால், சீதன உறுதியில் பெயர் இருக்கிற எல்லாரையும் எதிர்ப்பாலீர்ப்பாளர் என்று எடுப்பதும் அதே பிழைதான். உறுதி சொல்வது அவர்கள் கலியாணம் முடித்தார்கள் என்பதை மட்டும். யாரை நினைத்துப் படுத்தார்கள் என்பதை அல்ல.

கலியாணமும் நேசமும் ஒரே ஆளிடம் வெவ்வேறு திசையில் ஓடலாம் என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய கதை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் பாடம் எல்லாரும் படித்திருப்பம். புறநானூற்றுக் கதை. ஒருவரை ஒருவர் காணாமலே நேசித்தார்கள். சோழன் வடக்கிருந்து உயிர்விடப் போகும்போது தன் பக்கத்தில் பாண்டிநாட்டுப் புலவருக்கு இடம் வைக்கச் சொன்னான், புலவர் வந்து சேர்ந்தார், அவரும் உயிர்விட்டார். பாடத்தில் வராத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. பொத்தியார். அவரும் சோழனோடு சாக வந்தார். உன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். போனார், பிள்ளை பிறந்தது, திரும்பி வந்தார். அதற்குள் சோழன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லிடம் இடம் கேட்டு அதன் பக்கத்தில் அவரும் வடக்கிருந்தார்.

இவர்கள் காதலர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் மனைவியும் புதுப்பிள்ளையும் வீட்டில் இருக்க, செத்த ஒரு ஆணின் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்து சாகப்போன ஒரு மனிதரை ‘நட்பு’ என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற அந்த அவசரம் எனக்குப் புரியவில்லை. இந்தத் துணிவு ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இருந்திருந்தால் நாலு காவியம் எழுதியிருப்பார்கள். பரிமேலழகரும் நட்பு அதிகாரத்துக்கு உரை எழுதும்போது சோழனையும் பிசிராந்தையாரையும்தான் உதாரணமாக எடுக்கிறார். அந்தக் குறளில் ‘புணர்ச்சி’ என்ற சொல் வருகிறது. அதற்கு அவர் கொடுக்கும் பொருள் ஒரே நாட்டவராய் இருத்தல். சரியான பொருளாகவே இருக்கலாம். அதே சொல் காமத்துப்பாலில் வந்தால் யாரும் நாட்டைப் பற்றி யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஏட்டுத் தமிழ். வாவிக்கரையின் சொந்தச் சொத்து கவி. வயலில், களத்தில், பரணில், ஆற்றங்கரையில் ஆணும் பெண்ணும், தமிழரும் முஸ்லிம்களும் பாடினது. மச்சான் மச்சி கவிகள் இல்லாத மட்டக்களப்புக் கட்டுரையே கிடையாது, நானும் இப்ப அதுக்குத்தான் வந்திருக்கிறன். இந்தக் கவிகளைத் தொகுத்தவர்கள் பெரிய வேலை செய்தார்கள், அவர்கள் இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும். ஆனால் தொகுப்பில் கவி மட்டும் இருப்பதில்லை. அதற்கு மேலே அல்லது கீழே ஒரு குறிப்பு இருக்கும். காதலன் இப்படிக் கேட்கிறான், காதலி இப்படி மறுமொழி சொல்கிறாள். சங்கப் பாட்டுக்குக் கூற்று வகுத்த பழக்கம் அப்படியே நாட்டார் பாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்ப தமிழின் இலக்கணத்தைக் கொஞ்சம் யோசியுங்க. அவன், அவள், வந்தான், வந்தாள் என்று படர்க்கையில்தான் நம்மட மொழி ஆண் பெண் பார்க்கும். நான், நீ என்று நேருக்கு நேர் கதைக்கும்போது பார்க்காது. வந்தன், வந்தாய், வா, போ, மறக்கமாட்டன். இதில் எங்கேயும் பால் இல்லை. கவியோ பெரும்பாலும் நேருக்கு நேர் பேச்சு. கூப்பிடப்படுபவர் மச்சான் என்றால் அவர் ஆண் என்று தெரியும். கூப்பிடுகிறவர் யார் என்பதைப் பல இடங்களில் பாட்டு சொல்வதில்லை. தொகுப்பாளரின் குறிப்புத்தான் சொல்கிறது. மச்சான் என்று கூப்பிடுவது இந்த ஊரில் பெண்கள் மட்டுமா? கல்லடிப் பாலத்தில் ஒரு பின்னேரம் நின்று பாருங்க, எத்தனை ஆண்கள் எத்தனை ஆண்களை மச்சான் என்கிறார்கள் என்று.

உடனே ஒரு ஆள் கேட்பார், அப்ப அந்தக் கவியெல்லாம் ஆண் ஆணுக்குப் பாடினதா என்று. இல்லை. பெரும்பகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதாகத்தான் இருக்கும். ஆண் குரலில் பெண்ணும் பெண் குரலில் ஆணும் வேடிக்கைக்குப் பாடுவதும் உண்டு. பரணில் தனித்து இருக்கிறவன் அடுத்த பரணில் இருக்கிறவனுக்குக் கேட்கட்டும் என்று பாடுவான். அவன் பெண்ணின் குரலை எடுத்துப் பாடும்போது, கேட்கிறவன் மச்சானாக ஆகும்போது, அங்கே என்ன நடக்கிறது என்பதைக் குறிப்பு மூடிவிடுகிறது. ஒரு கவி எத்தனை வாயில் எத்தனை விதமாக வாழ்ந்திருக்கும் என்பதுதான் நாட்டார் பாட்டின் முழு அழகும். அதை ஒரே சோடிக்குள் பூட்டினது பாடினவர் இல்லை, அச்சடித்தவர்.

கூத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதை. வடமோடியும் தென்மோடியும் பல தலைமுறையாக ஆண்களே ஆடிய கலை. திரௌபதையும் சுபத்திரையும் ஆண்கள்தான். குரலும் வாகும் பார்த்து அண்ணாவியார் பொடியனைத் தெரிவு செய்வார், மாதக்கணக்காகச் சட்டம் பழக்குவார், ஒரு இரவு முழுக்க ஊரே சுற்றி இருந்து அவனைப் பெண்ணாகப் பார்க்கும். களரி கலைந்த பிறகும் ஆடின பாத்திரத்தின் பெயராலேயே ஊரில் அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962, இராவணேசன் 1964. அந்த இராவணேசனில் இராவணனாக ஆடின மௌனகுரு பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பெரிய நூலே எழுதினார். ஆட்டம், தாளம், உடுப்பு, கொச்சகம், தரு என்று கூத்தின் உடம்பு முழுக்க இன்று ஆவணத்தில் இருக்கிறது. பெண் வேடம் கட்டின ஆண்களின் வாழ்க்கை அந்த அளவுக்கு ஆவணத்தில் இல்லை. இருபது வயதில் திரௌபதையாக நின்றவருக்கு அது என்னவாக இருந்தது, அவரைப் பார்த்தவர்களுக்கு என்னவாக இருந்தது, கலியாணம் முடித்த பிறகு ஏன் விட்டார் அல்லது ஏன் விடவில்லை. சாதி பற்றியும் வர்க்கம் பற்றியும் கூத்தை வைத்து நல்ல விவாதங்கள் நடந்திருக்கின்றன. பெண்கள் ஏன் களரியில் இல்லை என்ற கேள்வியையும் நம்மட ஊர்ப் பெண்கள் கேட்டுவிட்டார்கள். இந்தக் கேள்விக்கு இன்னும் வரிசை வரவில்லை.

இங்க ஒரு இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். பெண் வேடம் கட்டுவது வேறு, பெண்ணாகத் தன்னை உணர்வது வேறு, ஆணை நேசிப்பது வேறு. மூன்றையும் போட்டுக் குழப்புவது இப்ப நல்ல மனதோடு எழுதுகிறவர்களிடமும் அதிகம். தமிழ் மரபில் பால்புதுமை பற்றிக் கட்டுரை கேட்டால் பேடி, அரவான், அர்த்தநாரி என்று மூன்று சொல்லோடு முடித்துவிடுவார்கள். பேடு, பேடி என்பவை பால் பற்றிய சொற்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடலில் ஒன்று பேடு. மணிமேகலையில் தெருவில் பேடு ஆடுவதைச் சனம் கூடி நின்று பார்க்கிறது. தொல்காப்பியர் அப்படியானவர்களுக்கு எந்த விகுதி போடுவது என்று விதி சொல்கிறார். நன்னூலோ, ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினவரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினவரை ஆண்பாலாகவும் சொல்லலாம் என்று தெளிவாகவே வகுக்கிறது. இதைப் படித்துவிட்டு ஆகா நம்மட மரபு எவ்வளவு முற்போக்கு என்று சிலர் துள்ளுவார்கள். அந்தச் சூத்திரத்தின் கடைசி அடியையும் படிக்க வேண்டும். இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று அது முடிகிறது. விருப்பத்தை மதித்த அதே கை மாட்டோடும் மரத்தோடும் சேர்த்து எழுதியும் வைத்திருக்கிறது. இரண்டும் நம்மட மரபுதான்.

பால் பற்றியாவது இலக்கணத்தில் இரண்டு வரி இருக்கிறது. ஆணை நேசித்த ஆண், பெண்ணை நேசித்த பெண் பற்றி இந்தத் தீவின் பழைய பத்திரங்களில் என்ன இருக்கிறது என்று போனால், கிடைக்கிறதெல்லாம் குற்றச்சாட்டு. 1547இல் கோட்டை அரசவையைப் பற்றி ஒரு போர்த்துக்கேயர் கோவாவுக்கு எழுதின கடிதத்தில், அரசனும் பிரபுக்களும் ஆண்களோடு கூடுகிறார்கள், கேட்டால் அரசன் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம் என்கிறார்கள் என்று அருவருப்போடு முறையிடுகிறார். எதிரியின் வாயால் வந்த சாட்சி. அப்படியே நம்பவும் ஏலாது, தூக்கி எறியவும் ஏலாது.

பிறகு ஒல்லாந்தர். நம்மட கோட்டையை அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். அதே வருசம் சீயம் நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் ஒல்லாந்தில் அச்சானது. எழுதினவர் ஜூஸ்ட் ஸ்கவ்டன், அதே கிழக்கிந்தியக் கம்பனியின் பெரிய உத்தியோகத்தர். தாய்லாந்து வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் வேண்டிய புத்தகம். ஆறு வருசம் கழித்து, 1644இல், ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்று பத்தாவியாவில் அவருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். செய்த சேவைக்குச் சலுகையாக முதலில் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு அதன் பிறகு எரித்தார்கள். வாவி முகத்தில் நிற்கிற இந்தக் கோட்டையை எந்தக் கம்பனி வைத்திருந்ததோ, அதன் சட்டம் இதுதான். சுற்றுலாப் பலகையில் பீரங்கி பற்றி இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் அது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வந்தது, 365, 365அ பிரிவுகளாக. இயற்கைக்கு மாறான உறவு என்றும் பாரதூரமான இழிசெயல் என்றும் பெயர். 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்த எடுத்தபோது நீக்கிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. கடைசியில் நடந்தது, 365அ பிரிவில் ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டது. அதுவரை ஆண்களை மட்டும் குறித்த குற்றம் பெண்களுக்கும் ஆனது. பெண்கள் சட்டத்தின் ஏட்டில் இப்படித்தான் இடம் பிடித்தார்கள். 2022இல் ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் குழு, ரொசானா ஃபிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில், இது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று இலங்கைக்குச் சொன்னது. 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்காமலே கலைந்து போனது. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்’ என்று சொல்கிற மாமாமார் நம்மட எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவன் கப்பலில் கொண்டுவந்தது இந்தப் பிரிவுகளைத்தான்.

இன்றைக்கு உண்டாகிற ஆவணமாவது வேறு மாதிரி இருக்கிறதா? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வீடு கட்டிக் கொடுத்தபோது, படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம் இருந்தது. பெண்ணின் பெயரில் காலகாலமாக இருந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, அந்தக் கட்டத்தால் பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போனது. பெண்கள் அமைப்புகள் அதற்காகச் சண்டை பிடித்தன. ஒரு கட்டம், ஒரு சொல், பல நூறு வருச வழக்கத்தைக் கடதாசியில் மாற்றிவிட்டது. அதே படிவத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்கிற வீடு எப்படி விழும்? ஒருத்தி தலைவி, மற்றவள் ‘உறவினர்’. யுத்தத்துக்குப் பிறகு கிழக்கில் பெண் தலைமைக் குடும்பங்கள் பற்றி எத்தனையோ அறிக்கை வந்தது. அந்தத் தொகைக்குள் எத்தனை வகை வீடு இருக்கிறது என்று அறிக்கை கேட்பதில்லை. அம்பது வருசம் கழித்து ஒரு மாணவி வந்து 2010களின் மட்டக்களப்பை ஆவணத்தை வைத்து எழுதினால், அவளும் ஆதாரம் இல்லை என்றுதான் எழுதுவாள்.

ஆகவே இப்ப உயிரோடு இருக்கிறவர்களிடம் போய் இருந்து கதைக்க வேண்டும். எழுபது எண்பது வயதுக்காரர்கள். முல்லைக்குப் போனவர்கள், கரைவலை வாடியில் கிடந்தவர்கள், பெண் வேடம் கட்டினவர்கள், கலியாணம் முடிக்காமல் சினேகிதியோடு ஒரு வீட்டில் வயதான பெண்கள். போய் நின்று நீங்கள் தன்பாலீர்ப்பாளரா என்று கேட்டால் செருப்படி கிடைக்கும், கிடைக்கவும் வேணும். அந்தச் சொல் அவர்களுடையது இல்லை. அவர்களிடம் இருக்கிற சொற்கள் வேறு. கூட்டாளி, சோடி, ஒண்டிக்கட்டை, ‘அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான்’. வாடியில் யார் யாரோட சமைச்ச, காய்ச்சல் வந்தா யார் பார்த்த, அவர் மௌத்தானப்ப, செத்தப்ப யார் கூட அழுத, மறுகா அந்த ஆள் என்ன ஆன. இப்படிக் கேட்டால் கதை வரும். வராமலும் போகும். வருகிற கதையில் சேர்ந்து சமைத்ததுக்கு மேல் ஒன்றும் இல்லாவிட்டால், சேர்ந்து சமைத்தார்கள் என்றே எழுத வேண்டும். கூட்டவும் வேண்டாம், சகோதரர் போல என்று குறைக்கவும் வேண்டாம்.

சொல்கிறவருக்கு வருகிற கெடுதியையும் யோசிக்க வேண்டும். 365அ ஏட்டில் இருக்கிற நாட்டில், பெயரும் ஊரும் போட்ட ஒரு ஒலிப்பதிவு யார் கையில் போகும் என்று நமக்குத் தெரியாது. வாவிக்கரை ஊர்கள் சின்னது, பெயரை மாற்றிவிட்டுத் தொழிலையும் கோயிலையும் எழுதினால் அடுத்த தெருவுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வளவில்தான் இருக்கிறார்கள். சிலருடைய கதையை அவர்கள் காலத்துக்குப் பிறகுதான் வெளியில் எடுக்கலாம். சிலருடையதை எடுக்கவே கூடாது. ஜோன் லிஸ்டர் பலகைக்குப் பின்னால் வைத்தது போல, எரிக்காமல் வைத்திருக்கிற இடம் ஒன்று நமக்கும் வேணும்.

அதுவரைக்கும் கையிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பழைய கவித் தொகுப்புகளைத் திரும்ப அச்சடிக்கவும் இணையத்தில் ஏற்றவும் இப்ப நம்மட வயதுக்காரர்கள் பலர் உழைக்கிறார்கள். கவிக்கு மேல் இருக்கிற குறிப்பையும் கவியையும் ஒரே எழுத்தில் சேர்த்துத் தட்டச்சாதீங்க. குறிப்பு தொகுத்தவருடையது என்று தெரியிற மாதிரி வேறாக்கி, பாடினவர் யார், எந்த இடத்தில், யார் கேட்டுக்கொண்டிருக்கப் பாடினது என்று முதல் பதிவில் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்க. இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்க.